மூத்தவளின் எண்

இங்கேயுமா, இந்தக் கண் ஆஸ்பத்திரியிலுமா, அதுவும் இன்றைக்கா... பித்தானை அழுத்தியதும் நாக்கைத் துருத்துவதுபோல இயந்திரம் துருத்திய சீட்டில் கொட்டை எழுத்தில் 214 என்று இருந்தது, அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது, ஆக மகராசி வந்துவிட்டாள், புருஷனின் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டவள் நான், நாலு நாளாக அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டவள் நான், சர்க்கரை, பிரஷர், ஈசிஜி என்று அறை அறையாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான், கடைசியில் கூட வந்தது யார் என்றால் அவள், அப்படித்தானே நினைப்பார், இந்தச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் எப்படிப் போகும் என்று தெரியாதா, ஒன்பது வருஷமாகப் பார்க்கிற முகம், மூச்சை ஒரு கணம் நிறுத்திக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, யாரோ காதோடு பேசுவதைக் கேட்பதுபோல ஒரு முகம், அந்த முகத்தை அவர் இவளுக்கென்று ஒரு நாளும் வைத்ததில்லை. பின்னால் கம்பளிக் குல்லா போட்ட பெரியவர் ஒருவர் தன் சீட்டைக் கிழித்துக்கொண்டு நின்றார், அவருக்கு 215. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவள் கை நீண்டுவிட்டது, நீங்க முன்னாடி போங்க ஐயா என்று சொல்லிச் சீட்டை மாற்றிக்கொண்டாள், குல்லாக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், இந்தக் காலத்தில் யார் இடம் விடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார், புண்ணியவதி என்றார். புண்ணியவதி... செத்தவளைக் கொண்டுபோய் ஒரு கிழவர் தலையில் கட்டிவிட்டு வருகிறவளுக்கு நல்ல பெயர்தான்.

மூத்தவள், அவருடைய முதல் மனைவி, செத்துப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அவர் அப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு போர்டு, போர்டு நிறையச் சின்னச் சின்ன விளக்குகள், எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் அந்த அறையின் விளக்கு எரியும், அவர் சுவிட்சைத் தட்டிப் பேசுவார். மூத்தவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் அதே ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் சேர்த்திருந்தார்கள், அறை எண் 214. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, நாத்தனார்தான் சொன்னாள், கல்யாணமான மூன்றாம் நாளே சொன்னாள், புது மருமகளுக்கு வேறு என்ன சீர் செய்வது என்று தெரியாமல் இதைச் செய்தாள்போல, மாடியில அவ, கீழ இவன், நாள் பூரா போன்லயே கொஞ்சிக்கிட்டு இருப்பாங்க, நர்ஸுங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க, அப்படி ஒரு ஜோடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த கண்ணால் இவளை ஒரு பார்வை பார்த்தாள், நீ எந்த மூலைக்கு என்கிற பார்வை. நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணமே ஆகாமல் இருந்துவிட்டு வந்தவள், ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள், ஆனால் ஓரத்தில் இருப்பவளுக்குத்தானே எல்லாம் கண்ணில் படுகிறது. முதல் வருஷம் ஊர் சுற்றப் போன இடத்தில் லாட்ஜ்காரன் 214ஆம் அறைச் சாவியைக் கொடுத்தான், ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிற அறை, இவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழிவறைக் குழாய் ஒழுகுகிற வேறு அறையை வாங்கிக்கொண்டார், ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்பானேன், அவளுடைய எண்ணுக்குள் என்னோடு படுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதானே, நான்கு நாளும் ராத்திரி சொட்டுச் சொட்டென்று அந்தக் குழாய் ஒழுகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

அதற்கப்புறம் எண் அவரைத் துரத்தியதா, அவர் எண்ணைத் துரத்தினாரா... மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், சட்டென்று கடிகாரத்தைப் பார்ப்பார், பார்த்தால் இரண்டு பதினான்கு. முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தில் இருக்கும், மருந்து அட்டையின் முதுகில் இருக்கும், செய்தித்தாளில் எங்கோ விபத்தில் செத்தவர்கள் எண்ணிக்கையாகக்கூட வந்து நிற்கும், அவர் படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார், அவளும் கேட்கமாட்டாள், கேட்டால் தெரிந்துகொண்டோம் என்று ஆகிவிடும், தெரிந்துகொண்டால் சண்டை போட வேண்டும், செத்தவளோடு சண்டை போட்டு ஜெயித்தவள் உண்டா உலகத்தில். கொடுமை என்னவென்றால் கொஞ்ச நாளில் அது அவளையும் பிடித்துக்கொண்டது. அவள் வேலை செய்வது ஆயத்த ஆடைக் கம்பெனியில், செக்கிங் பிரிவில், நாளைக்கு முந்நூறு சட்டையைப் புரட்டிப் புரட்டி எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் பிசிறுகிறது, எங்கே பித்தான் ஓட்டை கோணியிருக்கிறது என்று பார்க்கிற வேலை, குறை கண்டுபிடிப்பதே பிழைப்பு, அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயரே உண்டு. அப்படிப்பட்ட கண்ணில் படாமல் போகுமா, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் லாட் எண் 214, அன்றைக்குத் திருப்பி அனுப்பிய சட்டைகள் எத்தனை என்று கூட்டினால் 14, போன வாரம் ஒரு நாள் 21... எப்படிப் போட்டாலும் எங்கேயாவது வந்து ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து மேசைக்காரி ஒருத்தி, வாய் ஓயாதவள், அக்கா அது மேலேயிருந்து உங்களுக்கு ஏதோ சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணும் நாலும் கூட்டினா ஏழு, ஏழு ரொம்ப நல்ல நம்பர் என்றாள். எனக்கு என்ன சொல்லப்போகிறாள், இது என் வீடு, இவர் என் புருஷன், நீ வெறும் சமையற்காரி என்று சொல்வாள், அதற்கு ஏழு என்ன எட்டு என்ன.

அவர் மூன்றாவது வரிசையில் சுவரோரமாக இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இடது புருவத்துக்கு மேலே பச்சை ஸ்டிக்கர், இந்தக் கண்ணில்தான் ஆபரேஷன் என்பதற்கு அடையாளம், ஒட்டிய நர்ஸ் கண்ணாபின்னாவென்று ஒட்டியிருந்தாள், அவளாக இருந்தால் பிரித்து நேராக ஒட்டியிருப்பாள். கண்மணி விரிவதற்காகச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விடுவார்களாம், இரண்டு கண்ணையும் மூடியே வைத்திருக்க வேண்டுமாம். மூடிய கண்ணோடு அவரைப் பார்ப்பது புதிதாக இருந்தது, எந்த எண்ணும் உள்ளே போக முடியாத முகம், அறுபது வயசுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிற முகம், தூங்குகிற பிள்ளை மாதிரியும் இருந்தது, பாவமாகக்கூட இருந்தது, அந்தப் பாவம் இரண்டு விநாடிதான். அவள் வந்து உட்கார்ந்த அரவம் கேட்டதுமே அவர் கேட்டது, டோக்கன் என்ன நம்பர் என்றுதான். இருநூற்றுப் பதினைந்து என்றாள். சரியாகப் பார்த்தாயா என்றார். பார்த்தேன். பதினைந்துதானா? அவள் சீட்டை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, கண்ணைத் திறக்கக்கூடாது, திறந்தாலும் மங்கலாகத்தான் தெரியும், என் வார்த்தையை நம்புங்கள் என்றாள். அவர் ம் என்றார், தோளை இறக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஏமாற்றம், வேறென்ன, இப்படிப்பட்ட நாளில் ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் அவள் கூட வராமல் போய்விட்டாளே என்கிற ஏமாற்றம்... அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மூத்தவளை வாசலிலேயே நிறுத்தியாகிவிட்டது. அப்புறம் அந்த ஜில்லும் போய்விட்டது, சீ, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு காகிதத் துண்டை ஒளித்துவைத்துச் சந்தோஷப்படுகிறேன், நான் செத்தால் இவருக்கு எந்த எண் கண்ணில் படும், எனக்கு என்ன எண் இருக்கிறது, ரேஷன் கார்டில்கூட இரண்டாவது பெயர், இரண்டு என்று வைத்துக்கொண்டால் அது எங்கேதான் இல்லை, இரண்டைப் பார்த்து யார் மூச்சை நிறுத்துவார்கள்...

நர்ஸ் வந்து மூன்றாம் தடவை சொட்டு விட்டுவிட்டுப் போனாள். எதிரே சத்தமில்லாமல் ஒரு டிவி, அதற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் டோக்கன் எண் காட்டுகிற பலகை, எண் மாறும்போதெல்லாம் ஒரு டிங், பிறகு பதிவு செய்துவைத்த பெண் குரல். இருநூற்றுப் பன்னிரண்டு, ஒரு அம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டு போனாள். இருநூற்றுப் பதின்மூன்று, கட்டம் போட்ட சட்டைக்காரர். அடுத்தது வருமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, சீட்டை மாற்றினால் போதும் என்று நினைத்தாளே தவிர, குரல் ஒன்று இருப்பதை யோசிக்கவே இல்லை. டிங். டோக்கன் எண் இருநூற்றுப் பதினான்கு, அறை எண் மூன்றுக்கு வரவும். அவர் உடம்பு விறைத்தது, அதை அவள் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, ஒன்றாகப் பிணைத்த நாற்காலிகள், அவளுடைய நாற்காலியும் சேர்ந்து அசைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. குல்லாக்காரரைத் தேடினாள், காணோம், கழிவறைக்குப் போயிருப்பார், கிழவருக்கு இப்போதுதானா வர வேண்டும். டிங், டோக்கன் எண் இருநூற்றுப் பதினான்கு. பலகையில் எண் அணைந்து அணைந்து எரிந்தது. டிங், இருநூற்றுப் பதினான்கு. அவர் கைகள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தன, நகங்கள் வெளுத்துவிட்டன, உதடு ஏதோ முணுமுணுத்தது, கொஞ்சுகிறாரா, இத்தனை பேருக்கு நடுவிலா என்று அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். டிங், இருநூற்றுப் பதினான்கு.

"யாராவது எடுங்களேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "யாராவது அதை எடுங்களேன்."

எடுப்பதா, எதை எடுப்பது? அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"என்னங்க, டோக்கன் கூப்பிடறாங்க. போன் இல்ல."

"தெரியும்," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "எனக்கு அது போன்தான்," என்றார்.

குல்லாக்காரர் கையை உதறிக்கொண்டே ஓடி வந்து, இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று மூன்றாம் அறைக்குள் நுழைந்தார். குரல் நின்றது. பக்கத்தில் இவர் மூச்சு விட்டார். அப்புறம்தான் சொன்னார், மூடின கண்ணோடு, எதிரே இருக்கிற சுவருக்குச் சொல்வதுபோல, ஒன்பது வருஷத்தில் சொல்லாததை எட்டுப் பத்து நிமிஷத்தில் சொன்னார். மூத்தவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுவாளாம், மணி என்ன, வெளியே மழை பெய்கிறதா, மின்விசிறி சத்தம் போடுகிறது, சாப்பிட்டீர்களா, பக்கத்து அறையில் யாரோ அழுகிறார்கள், போர்வை கரகரவென்று இருக்கிறது, இப்படி ஐந்து வாரம். போர்டில் அந்த விளக்கு எரிந்தாலே எரிச்சலாக வருமாம். நாத்தனார் வேறு மாதிரிச் சொன்னாளே, நாள் பூரா பேசிக்கொண்டே இருப்பீர்களாமே என்று இவள் கேட்டாள். பேசுவது அவள்தான், நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன், பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும், விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பேசுகிறோம் என்றுதான் நினைப்பார்கள் என்றார். ஒரு நாள் சாப்பாட்டு வேளைக்கு அப்புறம் விளக்கு எரிந்தது. மின்விசிறியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. மூன்றாம் தடவை வெகு நேரம் எரிந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஒரு விளக்கு எரிந்தது, நர்ஸ் மேசை, அதை எடுத்தார், அவ்வளவுதான்.

"வேலையா இருந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"இல்ல. சும்மாதான் இருந்தேன். கை நீட்டினா சுவிட்ச்."

டிவியில் யாரோ சத்தமில்லாமல் சிரித்தார்கள். அவள் சும்மா இருந்திருக்கலாம், ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"

அவர் யோசித்தார், அந்தக் கேள்வி அவருக்குப் புதிது என்பது முகத்தில் தெரிந்தது. "தண்ணி கேட்டிருப்பா," என்றார். "எனக்கென்ன தெரியும்."

டிங். இருநூற்றுப் பதினைந்து. அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், வாசலில் நர்ஸ் வாங்கிக்கொண்டாள், தலைக்கு நீலத் தொப்பி, மேலே பின்பக்கம் நாடா கட்டுகிற அங்கி, கைக்கடிகாரத்தையும் செல்போனையும் கழற்றி இவள் கையில் கொடுத்தார், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இருபது நிமிஷம்தான், பயப்படாதீங்க என்றாள் நர்ஸ்.

அவள் திரும்பிவந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆக, கொஞ்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷம் இவள் அவர் முகத்தில் காதலைப் படித்துக்கொண்டிருந்தாள், பூதக்கண்ணாடியாம் பூதக்கண்ணாடி, ஒரு சட்டையில் அரை அங்குலத் தையல் விட்டால் கண்டுபிடிக்கிறவள். சந்தோஷமாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? ஜெயித்துவிட்டேனே, அவர் அவளைக் கொஞ்சவில்லையே, அவள் பேசப் பேச ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தவர்தானே... யாரும் கேட்காத மேசைமேல் அந்தக் குரல் பூச்சிபோலக் கிய்கிய்யென்று பேசிக்கொண்டிருந்திருக்கும், மழை பெய்கிறதா, சாப்பிட்டீர்களா... அவளுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தும் பேசியிருப்பாளோ? தெரிந்துதான் பேசியிருப்பாள், பொம்பளைக்குத் தெரியாமல் போகுமா, எதிர்முனையில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று மூச்சிலேயே தெரியும். தண்ணீர் கேட்டிருப்பாளாம். தண்ணீர் கேட்க நர்ஸைக் கூப்பிடுகிற மணி கட்டிலிலேயே இருந்திருக்குமே, அதை விட்டுவிட்டு மூன்று தடவை கீழே கூப்பிட்டிருக்கிறாள் என்றால், தண்ணீரா அது? பதின்மூன்று வருஷம் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் துடித்தவர், தான் எடுக்காததை நினைத்துத் துடித்தாரே தவிர, அவள் என்ன சொல்ல வந்தாள் என்று ஒரு நாள் நினைக்கவில்லை. இதை நினைப்பதற்குக் கடைசியில் நான்தான் வர வேண்டியிருந்தது, என்று அவள் நினைத்தாள், மூத்தவளை முதல் தடவையாகத் திட்டாமல் நினைத்தாள்.

கையில் இருந்த அவருடைய செல்போனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். இவள் கம்பெனியிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு எடுப்பார், ஒரு தடவை சவரம் பாதியில் நிற்க, நுரை போனில் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு வேளையில் மற்ற பெண்கள் புருஷன் எடுக்கவில்லை என்று மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருப்பார்கள், இவளுக்கு மட்டும் அடிப்பதற்கு முன்பே சொல்லு என்று குரல் வந்துவிடும், அதில் இவளுக்கு எவ்வளவு பெருமை, வேலையே இல்லாமல்கூடக் கூப்பிடுவாள், பக்கத்து மேசைக்காரி கேட்கட்டும் என்றே கூப்பிடுவாள். இந்த வீட்டில் வந்து இவள் சம்பாதித்தது அது ஒன்றுதான், வேறு எதிலும் மூத்தவளின் கை பட்டிருந்தது, பாத்திரத்தில், பீரோவில், தலையணையில்கூட, இது ஒன்று எனக்கே எனக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அதுவும் அவளுக்குச் சேர வேண்டியதுதானா... முதல் மணியிலேயே எடுத்தது என்னை இல்லையா... இவ்வளவு நாளும் அவள் கூப்பிட்டதைத்தான் என்னிடம் எடுத்துக்கொண்டிருந்தாரா?

கதவு திறந்தது. உங்களைக் கேட்கிறார் என்றாள் நர்ஸ். உள்ளே அவர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார், இடது கண்மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் குறுக்கே ஒட்டிய பிளாஸ்திரி, மற்றக் கண் மூடியிருந்தது. காலடிச் சத்தத்திலேயே வந்துட்டியா என்றார். நல்லபடியாக முடிந்ததாம், வலியே இல்லையாம், உள்ளே ஏதேதோ வண்ணம் வண்ணமாகத் தெரிந்ததாம். குரல் இலேசாக இருந்தது, இப்படி ஒரு குரலை அவள் கேட்டதே இல்லை, பத்து வயது குறைந்தவர் மாதிரி பேசினார். கையை நீட்டித் துழாவினார், அவள் கையைக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டார்.

"உங்கிட்டச் சொன்னது நல்லதாப் போச்சு," என்றார். "இனிமே அந்த நம்பர் கண்ணுல படாதுன்னு தோணுது."

தலையை ஆட்டாமல் படுக்கச் சொன்னாள், அவர் கழுத்துக்கடியில் நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்தாள், அங்கியின் நாடா ஒன்று அவிழ்ந்திருந்தது, கட்டினாள், கட்டின முடிச்சைச் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். படாதாம்... பாரத்தை இறக்கிவைத்துவிட்டார், நல்லதுதான், இனிமேல் நிம்மதியாகச் சாப்பிடுவார், கடிகாரத்தைப் பார்க்கமாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பமாட்டார், எண் என்பது வெறும் எண்ணாகிவிடும், அப்புறம்? அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நான் கூப்பிட்டால், போன் எங்கேயாவது கிடக்கும், எரியும், அணையும், இவள்தானே, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று... அவள் கை மறுபடி அவர் பிடிக்குள் இருந்தது, சூடாக இருந்தது. அந்த எண் அவர் கண்ணில் படட்டும், இன்னும் கொஞ்ச நாள் படட்டும் என்று அவள் மனம் கெஞ்சியது, யாரிடம் கெஞ்சுகிறது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.